சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங், செவந்தி

ரெங்கராஜ் அண்ணன் கடைக்குள் வந்தவர் உட்காரவில்லை. அதிலேயே விஷயம் சாதாரணமில்லை என்று தெரிந்துவிட்டது. மற்ற நாட்களில், எல்.எல்.ஆர். போடுவதற்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால், முதல் வேலையாக பிளாஸ்டிக் நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொள்வார். என் கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்வதைப் பற்றி இரண்டு வார்த்தை குறை சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தையே ஆரம்பிப்பார். அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுகொண்டு, எதிரே அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் இலுப்பூர் வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தபடி, "ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் அடிக்கணும் பிளெஸ்ஸி" என்றார்.

இந்த ஊரில் இங்கிலீஷ் விற்கிறவள் நான். கடை போர்டில் பிளெஸ்ஸி ஆன்லைன் சென்டர் என்று இருக்கும். ஆதார் திருத்தம், பட்டா நகல், கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆனால் காலேஜ் முடித்த பிள்ளைகள் என்னைத் தேடி வருவது ரெஸ்யூமுக்குத்தான். என் கம்ப்யூட்டரைக் கேட்டால் அன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் சோம்பேறி என்று ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரும் சின்சியர், எல்லாரும் ஹார்ட் ஒர்க்கிங், எல்லாருக்கும் எக்ஸலண்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ். அம்மா முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்க, பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்கிற பையனுக்கும் அதையேதான் போட்டுக்கொடுப்பேன். ஒருத்தர் தன் மகனுடைய ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, டீம் பிளேயர் என்று போட்டிருக்கிறதே, என்ன டீம், கபடியா கிரிக்கெட்டா, இவன் வீட்டை விட்டே வெளியே போவதில்லையே என்று கேட்டார். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. போட்டோ ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்குமே, வருகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் யாருக்கும் சரியாக உட்காராது, ஆனால் காரியம் நடந்துவிடும்.

சர்ட்டிஃபிகேட் யாருக்கு என்று கேட்டேன். அவருடைய டிரைவிங் ஸ்கூலில் வேலைக்கு ஆள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

"செவந்திக்கு" என்றார்.

செவந்தி அக்கா அவர் மனைவி. திருச்சியில் ஒரு கம்பெனி, பெண்களே ஓட்டுகிற டாக்ஸிகளை விடப்போகிறது. ஓட்ட வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. அக்கா அதை போனில் பார்த்து, என் கடையில் வைத்துத்தான் விண்ணப்பம் போட்டாள். மறுநாள் காலை இன்டர்வியூ. வேலை கிடைத்தால் வாரம் முழுவதும் திருச்சியில் ஹாஸ்டல், சனிக்கிழமை சாயங்காலம் வீடு. அக்கா இந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை அனுப்பிய அன்றைக்கு, போய்ச் சேர்ந்ததா என்று ஒரே மத்தியானத்தில் நாலைந்து தடவை வந்து கேட்டுவிட்டுப் போனவள். அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, ஹாஃப் கிளட்ச்சில் நிற்கிறார் என்றாள். இப்போது கம்பெனியிலிருந்து, முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து அனுபவச் சான்று கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் முன்பு வேலை பார்த்த இடம் ரெங்கா டிரைவிங் ஸ்கூல். முதலாளி, கட்டின புருஷன்.

எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டுக்கு என்னிடம் ஒரு மாதிரி தயாராக உண்டு. பெயரை மாற்றினால் போதும். அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். பதவி என்ன போட என்றேன். வீட்டுக்காரி என்று போட முடியாதே என்று யோசித்தார். நானே சீனியர் இன்ஸ்ட்ரக்டர் என்று அடித்தேன். அவள் சீனியர் என்றால் ஜூனியர் யார் என்று கேட்டார். நீங்கள்தான் அண்ணே என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்த தேதிக்கு, கல்யாணம் முடிந்த மறுவாரமே வண்டியில் ஏற்றிவிட்டேன் என்று சொல்லி, கல்யாணத் தேதியோடு ஒரு வாரத்தைக் கூட்டிச் சொன்னார். மனைவியின் பிறந்த நாளைக் கேட்டிருந்தால் திணறியிருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் வண்டியில் ஏற்றிய தேதி அவருக்கு மறக்கவில்லை.

மிச்ச வரிகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான். வாசித்துத் தமிழிலும் சொன்னேன். இவர் சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங். எங்களிடம் இருந்த காலத்தில் இவருடைய பணி சாட்டிஸ்ஃபேக்டரி. இவர் ஆஃப் ஹெர் ஓன் அக்கார்ட், அதாவது தன் சொந்த விருப்பத்தின் பேரில், விலகிச் செல்கிறார். இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

சொந்த விருப்பம் என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வரி கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார். எடுத்துவிட்டால் நாமாக அனுப்பிவிட்டோம் என்று நினைப்பார்கள், எல்லா சர்ட்டிஃபிகேட்டிலும் அது இருக்கும் என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்து, அடித்து, கிளம்பியும் போய்விட்டது. பிறகு எழுந்து, செவந்தி வந்து பார்த்து சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஒரு காகிதத்தில் அதை பிரிண்ட் எடுத்து வைத்தேன். வைக்கும்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஏனென்றால் செவந்தி அக்கா எப்படிச் சொல்லிக்கொடுப்பாள் என்பது எனக்குத் தெரியும். நானே அவளிடம் கற்றுக்கொண்டவள்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஒரு லீவில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். மழைக்கும் வெயிலுக்கும் உறை போட்டு, அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையாக இருந்தது. கடைசியில் ரெங்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதலில் ரெங்கராஜ் அண்ணன்தான் வந்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அண்ணனுடைய கால் அதன் மேலேயே குடியிருக்கும். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே வண்டி குலுங்கி நிற்கும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வண்டியை ஓட்டுவது அவர்தான். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை திட்ட மாட்டார். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நாளில் நான் கற்றுக்கொண்டது, எனக்கு எதுவும் வராது என்பதைத்தான்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்து, அக்கா வந்தாள். சித்தன்னவாசல் ரோட்டில் காலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஏறியதும் அக்கா செருப்பைக் கழற்றினாள். கால் இரண்டையும் மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு பொட்டலம் அவித்த கடலை. நான் பயந்துபோய், அக்கா, கீழே பிரேக் இருக்கே என்றேன். ஒங்கிட்ட ஒண்ணு இருக்கே, ஒரு வண்டிக்கு ஒரு பிரேக் போதும் என்றாள். அவளுடைய வலது கை மட்டும் ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

வளைவு தாண்டியதும் ரோடு முழுக்க ஆடு. நான் என் பழக்கத்தில் இடது பக்கத்திலிருந்து வரப்போகிற குலுக்கலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். வேறு வழியில்லை, நான்தான் அழுத்தினேன். ஆடுகளுக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றது. "நின்னுருச்சுல்ல" என்று சொல்லி அக்கா உரித்த கடலையை என் கையில் வைத்தாள். ஆடுகள் போய் முடிகிற வரைக்கும் இருவரும் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு அந்தக் கடலையின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. வண்டியை நிறுத்தியது நான் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சம்மணத்தை எங்கே பிடித்தாள் என்று ஒருமுறை கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒங்க அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. வண்டி நின்னா, நான் போட்டு நின்னுச்சா அவரு போட்டு நின்னுச்சான்னே தெரியாது. வருசக்கணக்கா தெரியாமலே ஓட்டிருக்கேன் பிளெஸ்ஸி."

அன்றைக்கு மத்தியானத்துக்கு முன் அக்கா கடைக்கு வந்தாள். காகிதத்தைக் கொடுத்தேன். பத்தாவது வரை படித்தவள், இங்கிலீஷை விரல் வைத்து, உதட்டை அசைத்து வாசிப்பாள். சீனியர் இன்ஸ்ட்ரக்டரில் முகம் மலர்ந்தது. விரல் இன்னும் இரண்டு வரி இறங்கி நின்றது. சாட்டிஸ்ஃபேக்டரி என்றால் என்ன என்று கேட்டாள். திருப்தி என்றேன்.

"திருப்தியா?" என்றாள். மறுபடி அந்த வார்த்தையையே பார்த்தாள். "ஓட்டல்ல சாப்ட்டு எந்திரிச்சு வந்து சொல்லுவாங்களே, அந்தத் திருப்தியா?"

எல்லாருக்கும் அப்படித்தான் போடுவது, அது ஒரு வழக்கம் என்று சமாளித்தேன். அவள் காகிதத்தை மேஜை மேல் வைத்து, சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டாள். கோபம் மாதிரி தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இது அவரு சொன்னதா, ஒன் கம்ப்யூட்டர் சொன்னதா?"

கம்ப்யூட்டர்தான் என்றேன். அப்படியானால் அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கல்யாணத் தேதியைத் தவிர அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என் முகத்திலேயே பதில் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் பக்கத்துச் சீட்டில் இருந்த மனுஷனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையென்றால், முன்பின் பார்க்காத கம்பெனிக்காரனிடம் போய் நான் என்னவென்று நிற்பது என்று, எனக்குச் சொல்கிற மாதிரியும் தனக்குச் சொல்கிற மாதிரியும் சொன்னாள். இன்டர்வியூவுக்குப் போவதா வேண்டாமா என்றே தெரியவில்லை என்றாள். காகிதத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

எத்தனை பேருக்கு அந்த ஸ்டூடியோ கோட்டை மாட்டி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து தோள் உட்காரவில்லை என்று சொன்னது கிடையாது.

சாயங்காலம் கடையைச் சாத்தப் போகிற நேரத்துக்கு ரெங்கராஜ் அண்ணன் வந்தார். இந்தத் தடவை நேராக வந்து, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னத்தம்மா போட்டுக் குடுத்த? மத்தியானம் சோத்தப் போட்டுட்டு, சாட்டிஸ்ஃபேக்டரியா இருக்கான்னு கேக்குறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தையை எடுத்துவிடலாம் என்றேன். எக்ஸலண்ட் போடலாம், அவுட்ஸ்டேண்டிங் போடலாம், இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் எக்ஸம்ப்ளரி என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூட ஹெச்.எம்.முக்கே அதைத்தான் போட்டேன் என்றேன். போன மாதம் என்னோடு வந்த பையன், ஒரு வாரம்கூட வண்டியை ஒழுங்காக எடுக்காதவன், அவனுக்கும் எக்ஸலண்ட்தானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அது வேண்டாம் என்றார்.

பிறகு தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் ஒக்காந்தா கால் தானா போகுது பிளெஸ்ஸி. வேணாம்னு நெனச்சாலும் போகுது. அவளுக்குப் போகாது. ஓட்டுறவள நம்பி ஒக்காந்துருவா. அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரல." மூச்சு விட்டுக்கொண்டார். "இத இங்கிலீஷ்ல போடு."

நான் போட்டுப் பார்த்தேன். ஷி இன்ஸ்டில்ஸ் கான்ஃபிடன்ஸ் இன் ஹெர் டிரெய்னீஸ் என்று அடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது, இவ்வளவு நல்ல இங்கிலீஷை நான் இந்த ஊரில் யாருக்கும் போட்டதில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறார் என்று அர்த்தம் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அதுல சம்மணம் போட்டு ஒக்காருறது வருதா?"

வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பையன் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "ஷி... டஸ் நாட்... டச்... தி பிரேக்." சொல்லிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார்.

இலக்கணமெல்லாம் சரிதான். ஆனால் டிரைவிங் சொல்லிக்கொடுக்கப் போகிற ஒருத்தியைப் பற்றி, இவள் பிரேக்கைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் கம்பெனிக்காரன் வேலை கொடுப்பான்? வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. உண்மையைத்தானே போடச் சொல்கிறேன், செவந்தியைப் பற்றி வேறு எதைப் போட்டாலும் அது வேறு யாருக்கோ போட்டது என்றார். அடித்தேன். சாட்டிஸ்ஃபேக்டரி இருந்த இடத்தில் அந்த வரி போய் உட்கார்ந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறார் என்ற வரியை என்ன செய்ய என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.

நான் ஒரு காரியம் செய்தேன். மனசு கேட்காமல், அந்த வரி இல்லாமல், எக்ஸலண்ட் என்று போட்டு இன்னொன்றும் எடுத்து, ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று சொல்லி இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் இரண்டாவதை வாசிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, மை காயும் வரை முதல் காகிதத்தை ஊதிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போதே அவர்கள் வண்டி வந்து நின்றது. டிரைவிங் ஸ்கூல் வண்டிதான், கழுவித் துடைத்து, மேலே மஞ்சள் போர்டோடு. விராலிமலை வழியாகத் திருச்சி போக வேண்டும். அக்கா இறங்கி வந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஒரு ஃபைல். வந்துவிட்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் இறங்கவில்லை போல என்று பார்த்தேன், இறங்கி முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடி.

முதல் காகிதத்தைக் கொடுத்தேன். விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தவள், அந்த வரியில் நின்றாள். உதடு ஒருமுறை அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

"இது ஒன் கம்ப்யூட்டரா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணனே சொன்னார் என்றேன். அக்கா வெளியே பார்த்தாள். அண்ணன் கண்ணாடியின் அதே மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கிறுக்குப் புடிச்ச மனுசன்" என்றாள். "இதப் படிச்சா எவன் வேல குடுப்பான்?"

அதற்குத்தான் என்று சொல்லி இரண்டாவது காகிதத்தை நீட்டினேன். அதையும் வாங்கி, பொறுமையாகக் கடைசி வரை வாசித்தாள். எக்ஸலண்ட் எல்லாம் இருந்தது. வாசித்து முடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். முதல் காகிதத்தை ஃபைலுக்குள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு மேலே வைத்தாள்.

"என்ன இது இப்புடி இருக்குன்னு கேப்பாங்கள்ல. கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

வரேன் என்று சொல்லிவிட்டுப் போய், வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். அண்ணன் துணியை உதறி மடித்துக்கொண்டு இடது பக்கம் வந்தார். கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். செருப்பைக் கழற்றினார். குனிந்து அதை எடுத்துப் பின் சீட்டுக்கு அடியில் வைத்தார். பிறகு சீட்டில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஒரு காலைக் கையால் தூக்கி மடக்கினார். கனத்த உடம்பு, முட்டிவலி வேறு. இரண்டாவது காலை மடக்குவதற்குள் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. கதவைச் சாத்தினால் சாத்தவில்லை, முட்டி தடுத்தது. கொஞ்சம் உள்ளே நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி இழுத்துச் சாத்தினார். அக்கா கியரில் கையை வைத்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, உதவிக்கும் கை நீட்டவில்லை. அவர் உட்கார்ந்து முடிகிற வரை காத்திருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, அந்த எக்ஸலண்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று அழுதேன்.

வண்டி கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு முனைக்குப் போகும்போது உள்ளேயிருந்து இலுப்பூர் பஸ் ஒன்று ஹாரன்கூட அடிக்காமல் பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. காரின் பின் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன. குலுக்கல் இல்லாமல், பஸ்ஸுக்கு நல்ல இடம் விட்டு, வண்டி நின்றது. இடது பக்க ஜன்னல் கண்ணாடியில் அண்ணனின் முழங்கால் மடக்கின மேனிக்கு அப்படியே இருந்தது.